அம்பு ஒட்ட ஓர் இடம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தராசு தன் மோட்டார் சைக்கிளை வாசலுக்குத் தள்ளி வந்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரும் வைத்ததைப் பார்த்ததும் மாடி வீட்டு டிரைவருக்கு டீ புரையேறியது. ஏழு வருஷமாக அந்த வண்டிக்கு மழைதான் குளியல். மழை இல்லாத வருஷத்தில் அதுவும் கிடையாது.

"என்ன தராசு, வண்டிக்கு ஏதாவது கல்யாணமா?" என்று பால்கனியிலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. அழுக்கா இருக்கு, அதான்."

"அது அழுக்கா இருக்கறது இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

தராசு சைலன்சரின் வாயில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டினான். சாவித் துவாரத்தில் தண்ணீர் இறங்காமல் டேப் ஒட்டினான். தெரிந்தவன் கழுவுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டு யாராவது வண்டி கழுவுவார்களா? அதையும் டிரைவர் கேட்டார். வெயிலுக்காக என்றான். நிழலில் நின்றுகொண்டுதான் சொன்னான்.

தராசு என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. கடை கடையாகப் போய் எடை மெஷின்களைப் பழுது பார்க்கிறவனைத் தெரு வேறு எப்படிக் கூப்பிடும்? வண்டியின் பின்பக்கக் கம்பியில் எடைக்கற்கள் அடுக்கிய இரும்புப் பெட்டி எப்போதும் தொங்கும். மளிகைக் கடை, பழக்கடை, பழைய பேப்பர் கடை என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு இடம். மெஷினில் கல்லை வைப்பான், எண்ணைப் பார்ப்பான், இரண்டு கிராம் பிசகினாலும் திருப்புளியை எடுத்துவிடுவான். இரண்டு கிராமை விடாத அந்த மனுஷன்தான் செவ்வாய்க்கிழமை நடந்ததை நான்கு நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவன் வண்டியோடு விழுந்தான். விழுந்தது கூடப் பரவாயில்லை, எப்படி விழுந்தான் என்பது அவனுக்குத் தெரியாது. தூரத்தில் சிக்னல் பச்சையாக இருந்ததைப் பார்த்தது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நினைவிருப்பது, தான் மல்லாந்து கிடந்ததும், வண்டிச் சக்கரம் காதுப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்ததும், ஒரு பெண்மணி குனிந்து "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டதும்தான். நடுவில் இருக்க வேண்டிய கொஞ்ச நேரத்தைக் காணவில்லை. ரோட்டில் எண்ணெய் கொட்டியிருக்கும், வழுக்கியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மறுநாள் காலை வேலை மெனக்கெட்டு அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தான். எண்ணெயும் இல்லை, மணலும் இல்லை, துடைத்து வைத்த மாதிரி ரோடு. அன்று மத்தியானமே பழக்கடையில் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது திருப்புளி கையிலிருந்து நழுவி விழுந்தது. "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று கடைக்காரர் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் அவனுக்குத் தெரிந்தது, இன்னொரு துண்டு நேரமும் போய்விட்டது என்று.

அது போதாதென்று இன்று சனிக்கிழமை. மகள் குருவிக்கு நான்கு மணிக்கு நீச்சல் குழுவின் தேர்வு. பதினோரு வயது; தண்ணீருக்குள் இருக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாது, அதனால் குருவி. நீச்சல் குளம் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. வண்டியில் நெடுஞ்சாலையைப் பிடித்தால் அரை மணி நேரம். பஸ்ஸில் போவதென்றால் முனையில் இரண்டு இருபதுக்கு வரும் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது. அதை விட்டால் நான்கு மணிக்குப் போய்ச் சேர முடியாது. அப்பாதான் வண்டியில் கூட்டிப் போகிறார் என்று ஒரு மாதத்துக்கு முன்பே முடிவாகியிருந்தது. லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையில், பின்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு. அதை நினைக்காமல் இருக்கத்தான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

மனைவியிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் சாவி அன்றோடு அவள் கைக்குப் போய்விடும். சாவி போனால் எடைக்கல் பெட்டியை யார் சுமப்பது? பெட்டி இல்லாத தராசை எந்தக் கடைக்காரர் உள்ளே விடுவார்? நாற்பத்து மூன்று வயதில் வேறு என்ன பெயர் வைத்துக்கொள்வது? இந்தக் கணக்கெல்லாம் அவன் மண்டையில் ஓடி ஓடி, கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: அவளுக்குத் தெரியக் கூடாது.

தெரியாமல் இருக்கிற ஆளா அவள்? துணி தைக்கும் ஃபேக்டரியில் செக்கர். நாள் முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, தைத்து வரும் சட்டைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவள் வேலை. ஒரு தையல் தாவியிருந்தால் போதும், ஒரு நூல் நீண்டிருந்தால் போதும், சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்துக் குறையைப் பார்த்தபடி ஒட்டுவாள். அம்பு ஒட்டிய சட்டை ரிப்பேர் மேஜைக்குப் போகும், சரியாகித் திரும்பவும் இவளிடமே வரும். அந்த அம்புச் சுருள் கைப்பையிலேயே கிடப்பதால் வீட்டிலும் யாருக்கும் விமோசனம் கிடையாது. சரியாக மூடாத குழாயில் அம்பு. அவன் கழற்றிப் போட்ட சட்டையில் பொத்தான் போன இடத்தில் அம்பு. ஒருமுறை, குருவியின் ரிப்போர்ட் கார்டில் கணக்குப் பாடத்தின் குறைந்த மார்க்கின் மேல் அம்பு ஒட்டி, அப்படியே கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டாள்.

அப்படிப்பட்டவள் நான்கு நாளாக இரண்டு ஷிப்டு பார்த்து, இருட்டிய பிறகு வந்து, விடிவதற்குள் கிளம்பிக்கொண்டிருந்தாள். இன்று அரை நாள். இரண்டு மணிக்கு வருவாள், வெளிச்சத்தில் வருவாள்.

வண்டியின் இடது பக்கத்துக்கு என்னென்ன ஆகியிருந்தது என்பது தராசுக்கு மனப்பாடம். உடைந்த இண்டிகேட்டரையும் வளைந்த கிளட்ச் லீவரையும் வியாழக்கிழமையே மாற்றிவிட்டான். மிச்சம் இருந்தது பெட்ரோல் டாங்கின் ஓரத்தில் ஒரு கீறல், உள்ளங்கை நீளம். வண்டிக்குச் சிவப்பு நிறம். கீறல் அதில் வெள்ளையாகத் தெரிந்தது.

ஷாம்பு நுரையைப் போட்டு மேலிருந்து கீழாகக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, துணியால் ஒற்றி எடுத்தான். பிறகு கடையில் கேட்டு வாங்கி வந்த வாட்டர் பேப்பர் என்ற மெல்லிய உப்புத்தாளை நனைத்துக் கீறலின் மேல் மெதுவாகத் தேய்த்தான். அதற்கு மேல் ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசையைத் தொட்டு, வட்டம் வட்டமாகத் துணியைச் சுழற்றினான். நுணுக்கமான கை. அரை மணி நேரத்தில் கீறல் போன இடம் தெரியவில்லை. எழுந்து நாலடி பின்னால் நகர்ந்து பார்த்தான்.

பார்த்தவனுக்குப் பகீரென்றது.

கீறல் இல்லைதான். ஆனால் கீறல் இருந்த இடம் மட்டும் ஷோரூமிலிருந்து இப்போதுதான் வந்த மாதிரி பளபளவென்று ரத்தச் சிவப்பாக மின்னியது. ஏழு வருஷ வெயிலில் வெளுத்துப்போன டாங்கின் நடுவில் அது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கண்ணைப் பறித்தது. கீறலாவது பக்கத்தில் வந்தால்தான் தெரியும். இது தெரு முனையிலிருந்தே கூப்பிடும். இதற்கு அவளே வந்து அம்பு ஒட்ட வேண்டியதில்லை.

வேறு வழியில்லை. இடது பக்கம் முழுக்கத் தேய்த்தான். அப்போது வலது பக்கம் கிழவன் மாதிரி நின்றது. வலது பக்கத்தையும் தேய்த்தான். டாங்கு மின்ன ஆரம்பித்ததும் முன் மட்கார்டு அழுது வடிந்தது. மட்கார்டை முடித்தால் ஹெட்லைட் வளையம். அதை முடித்தால், புது கிளட்ச் லீவருக்குப் பக்கத்தில் பழைய பிரேக் லீவர் கறுத்துப் போய் உட்கார்ந்திருந்தது. மெட்டல் பாலிஷ் போட்டு அதையும் தேய்த்தான். ஓர் இடத்தில் செய்த வேலையைக் காப்பாற்ற அடுத்த இடம், அதைக் காப்பாற்ற அதற்கடுத்த இடம் என்று வண்டி அவனைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு போனது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்க்கும்போது மணி பன்னிரண்டரை. கை ஓயவில்லை. ஓய்ந்தால் நெடுஞ்சாலை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறதே!

குருவி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து போனாள். முதலில் பையோடு வந்தாள். அப்புறம் நீச்சல் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, எவ்ளோ சூப்பரா இருக்கு. எல்லாரும் நம்ம வண்டியத்தான் பாப்பாங்க."

"ம்."

"நீ ஏன் பேசவே மாட்டேங்கற?"

"வேல செய்யறேன்ல."

"ஸ்டார்ட்டிங்ல குதிக்கும்போது கண்ண மூடக் கூடாதுன்னு கோச் சொன்னாங்க. மூடினா லைன் மாறிடுமாம். நான் மூடறேனான்னு எனக்கே தெரியல. கண்ண மூடினா அது நமக்கே எப்படித் தெரியும்?"

தராசின் கையில் பிரஷ் நின்றது. "உள்ள போ. வெயில்" என்றான்.

அவள் போகிற போக்கில் அவன் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அது அவர்களுக்குள் ஒரு பழக்கம். நான்கு வயதில் முதல்முறை பின் சீட்டில் உட்கார்ந்தபோது ஆரம்பித்தது. ஏறி உட்கார்ந்து, கையால் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் "நான் ரெடி, கிளம்பு" என்று அர்த்தம். அதுவரை அவன் கியரைத் தொட மாட்டான். கிளம்பிய ஐந்தாவது நிமிஷம் அவன் முதுகில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கியும் விடுவாள். எந்தப் பயமும் இல்லாத தூக்கம்.

ஒரு மணிக்கு மாடி டிரைவர், தன்னிடமிருந்த சங்கிலி எண்ணெய் ஸ்ப்ரேயோடு இறங்கி வந்தார். வேடிக்கை பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் வந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சக்கரத்த நீ சுத்து, நான் அடிக்கறேன். டிஸ்க்ல படாம பாத்துக்க, பட்டா பிரேக் புடிக்காது." குந்தி உட்கார்ந்து ஸ்ப்ரேயை அழுத்தினார். "திங்கக்கெழம எனக்கு மெடிக்கல். கண்ணு, காது, தல, எல்லாத்தையும் நோண்டுவாங்க. வருஷா வருஷம் இதே ரோதன."

"எதுவும் ஆனா என்னண்ணே பண்ணுவாங்க?"

"எங்க டிப்போவுல ஒருத்தன் இருக்கான். ரெண்டு வருஷம் முன்னாடி, ஸ்டீயரிங்க புடிச்சுட்டு ஒக்காந்த எடத்துலயே ஒரு நிமிஷம் ஆளு இல்லாம போயிட்டான். வண்டி நின்னுட்டிருந்துச்சு, பொழச்சோம். அவனா போயி ஆபீஸ்ல சொல்லிட்டான். இப்ப பஸ் ஓட்டல, டைம் கீப்பரா இருக்கான். நாங்க ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா உசுர எடுக்கறான்."

"மாத்திர சாப்ட்டா சரியாயிடுமாமா?"

"யாருக்கு?"

"அதான், உங்க டிப்போக்காரருக்கு."

டிரைவர் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார். சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "சாப்ட்டுட்டுத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு, ஸ்ப்ரேயை அங்கேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

தராசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்லிவிடலாம் என்று தோன்றும். உடனே மெழுகு பாலிஷ் டப்பாவைத் திறப்பான். இன்னொரு நாள் சொல்லலாம், இன்று மட்டும் ஜாக்கிரதையாக ஓட்டலாம் என்று தோன்றும். ஜாக்கிரதையாக ஓட்டுவதற்கு ஆள் இருக்க வேண்டுமே, அவனே காணாமல் போனால் ஜாக்கிரதையை யார் ஓட்டுவார்கள் என்று அடுத்த நொடியே தோன்றும். மெழுகைப் பூசி, அது வெளுத்துக் காய்ந்ததும் மெத்தென்ற துணியால் துடைத்தான். டாங்கில் அவன் முகம் தெரிந்தது. பார்க்கப் பிடிக்காமல் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது செக்கர் தெரு முனையில் திரும்பினாள். தூரத்திலேயே வண்டியைப் பார்த்துவிட்டாள். வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றவில்லை, பையைத் தோளில் மாட்டியபடியே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இது நம்ம வண்டியா, இல்ல மாத்திக் கொண்டாந்துட்டீங்களா?"

"நம்மளுதுதான்."

"நம்பறதுக்கு இல்லையே." அவள் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. இடுப்பை வளைத்து, தலையைச் சாய்த்து, வெளிச்சம் சறுக்கி விழும் கோணத்தில் டாங்கைப் பார்த்தாள். துணியில் மேடு பள்ளம் பார்ப்பது போலப் புறங்கையால் தடவினாள். வலது பக்கம். முன் பக்கம். இடது பக்கம். அவள் விரல்கள் கீறல் இருந்த இடத்தின் மேல் ஊர்ந்து, நிற்காமல் கடந்து போயின.

"பாஸ்" என்றாள், நிமிர்ந்து. "அம்பு ஒட்ட ஒரு எடம் இல்ல. பதினேழு வருஷத்துல இப்பத்தான் ஒரு வேலைய ஒழுங்கா முடிச்சிருக்கீங்க."

அவள் சிரித்தாள். ஆறு மணி நேரமாக அவன் எதற்காகப் பாடுபட்டானோ அது கைக்குக் கிடைத்துவிட்டது. நிம்மதி வர வேண்டும். வரவில்லை. அவள் கண்ணிலேயே தப்பித்துவிட்டது என்றால் இனி உலகத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை. தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அந்தத் தனிமையைத் தாங்க முடியவில்லை.

குருவி பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஹெல்மெட்டைப் போட்டாள், வாரை இழுத்தாள். "அம்மா, நீ பஸ்ல பின்னாடியே வந்துடு. நாங்க முன்னாடி போயி எடம் புடிக்கறோம்."

மணி இரண்டு எட்டு.

தராசு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான், இன்ஜின் ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. பின்னால் குருவி ஏறினாள். இரண்டு கைகளும் அவன் இடுப்பைச் சுற்றி வந்து கோர்த்துக்கொண்டன. ஒரு கை மட்டும் பிரிந்து மேலே போய், ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டியது.

அவன் கால் கியரில் இருந்தது. அழுத்தவில்லை.

மறுபடியும் இரண்டு தட்டு. "அப்பா, தட்டிட்டேன்."

"என்னங்க, போங்களேன், நான் பஸ்ஸப் புடிக்க வேணாமா?" என்றாள் செக்கர்.

தராசு இன்ஜினை அணைத்தான். சட்டென்று தெருவே அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது.

"எறங்கும்மா."

"ஏன்?"

"எறங்கு குருவி. பஸ்ஸுல போலாம்." ஹெல்மெட்டைக் கழற்றி டாங்கின் மேல் வைத்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "செவ்வாக்கெழம விழுந்துட்டேன். சிக்னல்கிட்ட. வழுக்கி விழல. எப்படி விழுந்தேன்னே எனக்குத் தெரியாது, கொஞ்ச நேரம் நெனவே இல்ல. புதன்கெழம கடையில சும்மா ஒக்காந்திருக்கும்போதும் ஒரு தடவ அப்படி ஆச்சு."

செக்கர் முதலில் செய்த காரியம் குழந்தையைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதுதான். வண்டியிலிருந்து இரண்டடி தள்ளி. பிறகு அவன் சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றி மேலே தள்ளினாள். முழங்கையில் காய்ந்த காயம் நீளமாக இருந்தது.

"எந்தப் பக்கம் விழுந்தீங்க?"

"இடது பக்கம். டாங்குல கீறல் இருந்துச்சு."

அவள் குனிந்து மறுபடியும் தடவினாள். இந்தத் தடவை மெதுவாக, விரல் நுனியால், அங்குலம் அங்குலமாக. பழக்க தோஷத்தில் அவளுடைய இன்னொரு கை பைக்குள் போய் அம்பு ஒன்றை உரித்து எடுத்திருந்தது. அது ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்க? காமிங்க."

"இங்கதான் இருந்துச்சு. இப்போ தெரியாது."

"ஆறு மணி நேரம்." அவள் டாங்கிலிருந்து விரலை எடுக்கவில்லை. "ஆறு மணி நேரம் ஒக்காந்து இதத் தேச்சிருக்கீங்க. என்கிட்ட சொல்றதுக்கு ஒரு நிமிஷம் ஆயிருக்குமா? இவள ஏத்திக்கிட்டுப் போயிருப்பீங்க. நானே போங்கன்னு சொன்னேன். நானே பாஸ்னு சொன்னேன்." அழுதுகொண்டே தேடினாள். அவளுக்கு எதையாவது கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவன் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தான், ஒன்றும் கிடைக்கவில்லை.

தராசு அவள் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தி, அம்பு இருந்த விரலைத் தன் இடது நெற்றிப் பொட்டில் வைத்துக்கொண்டான்.

அவள் அழுத்தினாள். வலிக்கிற அளவுக்கு அழுத்தினாள். விரலை எடுத்தபோது அம்பு அங்கே ஒட்டியிருந்தது.

"ரிஜெக்ட்டா?" என்று கேட்டான்.

"அம்பு ஒட்டறது ரிப்பேருக்கு" என்று மூக்கை உறிஞ்சினாள். "திங்கக்கெழம காலைல டாக்டர். நானும் வருவேன். சாவியக் குடுங்க."

கொடுத்தான். அதை அவள் அம்புச் சுருளோடு சேர்த்துப் பையின் அடியில் போட்டாள்.

"பஸ்ஸு" என்றாள் குருவி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து. என்ன நடக்கிறது என்று பாதிதான் புரிந்தது அவளுக்கு. "ரெண்டு இருவது பஸ்ஸு போயிடும்மா."

காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டது போல மூன்று பேரும் ஓடினார்கள். "வண்டிய இப்படிக் கழுவி வச்சிட்டு எங்கய்யா ஓடறீங்க?" என்று மாடியிலிருந்து டிரைவர் கேட்டது தராசின் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் முனையில் நின்றுகொண்டிருந்தது. கடைசிப் படியில் அவன் கால் வைத்ததும் கதவு மூடிக்கொண்டது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவன் நெற்றியையே பார்த்தார். ஓடி வந்ததில் நெற்றி அம்பையே மறந்துபோயிருந்த தராசுக்கு எதற்குப் பார்க்கிறார் என்று புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செக்கருக்குப் புரிந்தது. அதை எடுக்கக் கையைத் தூக்கினாள், அப்புறம் எடுக்காமல் கையைக் கீழே இறக்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின் சீட்டிலிருந்து குருவி எட்டி, அப்பாவின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். பஸ் கிளம்பியது.